நிமிஷத்தை அளந்தோம், மனுஷனை அளந்தோமா?
(பாடியிலிருந்து ஒரு பழைய கணக்கு)



சந்திப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்திலிருந்து போன் வந்தது. "ஹாஸ்டல் மெஸ், ராகிங், கல்ச்சுரல்ஸ் இதெல்லாம் நிறைய வந்துடுச்சு சார். நீங்க ஏதாவது சரித்திரமா எழுதுங்க" என்றார் பேசியவர். ராஜராஜ சோழனைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்டாப் வாட்ச், டிரில்லிங் மெஷின், கொஞ்சம் ஃபோர்ட்ரான். ஆகவே மனிதனின் 'டென்ஷனை' கணிப்பொறிக்குள் கொண்டுபோன கதையைச் சொல்கிறேன். நடுவில் என் சொந்தக் கணக்கு ஒன்றும் வரும். நாற்பது வருஷத்துக்கும் மேலாகத் தீராமல் கிடக்கிற கணக்கு அது.

ஒரே ஒரு கார்டு

1978-ல் இறுதியாண்டு மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். சிமுலேஷன் என்ற சொல்லே நமக்குப் புதிது. நடக்கப்போவதை முன்கூட்டிக் கணக்கில் நடத்திப் பார்ப்பது, அதாவது ஒத்திகை. கிண்டி ஐ.ஐ.டி.யில் 1973-லேயே ஐ.பி.எம். 370/155 வந்துவிட்டது. அட்டை ஒன்றுக்கு எண்பது எழுத்து. துளையிட்டு, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு கார்டு இடம் மாறினால் போச்சு!

எங்கள் ப்ராஜெக்ட், பதினொரு இயந்திரங்கள் கொண்ட ஒரு உற்பத்தி வரிசை. எந்த இயந்திரம் எப்போது பழுதாகும், பெல்ட் எப்போது அறும், டூல் எப்போது மழுங்கும் என்பதற்கெல்லாம் தற்செயல் எண்கள் போட்டு அழகாக எழுதியிருந்தோம். ஆனால் அந்த இயந்திரத்தை ஓட்டுகிற ஆளுக்கு ஒரே ஒரு கார்டு. அதில் ஒரே ஒரு மாறாத எண். காலை ஏழு மணிக்கும் அதே வேகம், ஷிப்ட் முடிகிற நேரத்திலும் அதே வேகம்.

வைவாவில் எங்கள் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, மெஷின் ரிப்பேர் ஆகுது. ஆள் ரிப்பேர் ஆக மாட்டானா?" எல்லோரும் சிரித்தோம். மார்க் நன்றாகத்தான் வந்தது. அந்தக் கேள்விக்கு உலகத்தில் அப்போதே விடை தேடிக்கொண்டிருந்தார்கள் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியாது.

மெக்கானிக்கல்காரர்களிடம் கடன் வாங்கிய சொல்

வேடிக்கை என்னவென்றால், 'ஸ்ட்ரெஸ்' நம்முடைய சொல். வலிமையியல் வகுப்பில் படித்தோமே, தகைவு, திரிபு என்று? ஒரு கம்பியில் பரப்புக்கு இவ்வளவு விசை என்பது தகைவு. அதனால் கம்பி நீளுவது திரிபு. இந்தச் சொல்லை உயிருள்ள உடம்புக்குப் பிரபலமாக்கியவர் ஹான்ஸ் செல்யி. வியன்னாவில் பிறந்து கனடாவின் மான்ட்ரியலில் ஆராய்ச்சி செய்தவர். குளிர், காயம், நஞ்சு, அளவு மீறிய உழைப்பு என்று எதைக் கொடுத்தாலும் எலியின் உடம்பு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எதிர்வினை காட்டுகிறது என்று 1936-ல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். உடம்புக்குள் நிகழும் விளைவுக்கு 'ஸ்ட்ரெய்ன்' என்று பெயர் வைத்திருக்க வேண்டும், ஆங்கிலம் சரியாகத் தெரியாததால் மாற்றி வைத்துவிட்டேன் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். நம் மெட்ராஸ்காரர்கள் இரண்டையும் விட்டுவிட்டு 'டென்ஷன்' என்கிறார்கள். அதுவும் நம் பாடப்புத்தகத்துச் சொல்தான்!

செல்யிக்கு முன்பே, 1908-ல், அமெரிக்காவில் யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் சுண்டெலிகளை வைத்து ஒரு சோதனை செய்திருந்தார்கள். தப்பான வழியில் போனால் லேசான மின் அதிர்ச்சி. பாடம் சுலபமாக இருந்தால் அதிர்ச்சி கூடக்கூட எலி வேகமாகக் கற்றுக்கொண்டது. பாடம் கடினமாக இருந்தபோது அப்படி நடக்கவில்லை. ஓரளவு வரை அதிர்ச்சி உதவியது, அதைத் தாண்டினால் எலி திணறியது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பாட்டிகள் சொன்னதற்கு ஒரு வரைபடம் கிடைத்தது. முதலில் ஏறி, பிறகு இறங்கும் கோடு.

பாடியும் கடிகாரமும்

இப்போது நம்ம ஏரியாவுக்கு வருகிறேன். 1960-களின் தொடக்கத்தில் பாடியில் டி.வி.எஸ். குழுமத்துத் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன். அதே பத்தாண்டில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வந்தது. அவற்றைச் சுற்றிச் சின்னச் சின்னப் பட்டறைகள், லேத்துகள், டீக்கடைகள். இன்றைக்கும் பஸ்ஸில் "லூகாஸ் எறங்கு!" என்றால்தான் கண்டக்டருக்கும் புரியும், நமக்கும் புரியும். 1998-ல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. இந்தியாவில் முதன்முதலாக அதைப் பெற்றது நம்ம பாடிதான் என்று நான் பேரப்பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்வதுண்டு.

தொழிற்சாலை வந்தால் கடிகாரமும் வரும். ஃபிரெடெரிக் டெய்லர் 1911-ல் எழுதிய 'அறிவியல் மேலாண்மை' நூல் வழியாக ஸ்டாப் வாட்ச் உலகமெங்கும் போயிற்று. ஆனால் நிமிஷத்துக்காக நடந்த சண்டையில் மெட்ராஸ் யாருக்கும் பின்தங்கியதில்லை. பாடியிலிருந்து கொஞ்ச தூரத்தில் பெரம்பூர் பி அண்டு சி மில். அங்கே தொழிலாளர்களுடைய பெரிய குறைகளில் ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு விடுகிற நேரம் போதவில்லை என்பது. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க. அதன் துணைத் தலைவர்களில் ஒருவர். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றுக்குப் பின்னால், அவசர அவசரமாக விழுங்கிய சோறும் இருக்கிறது!

என் கணக்கு

நான் படிப்பை முடித்து, இந்த வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் பணி ஆய்வுப் பிரிவில் சேர்ந்தேன். எந்தத் தொழிற்சாலை என்பது வேண்டாம். பலகையில் சொருகிய பேப்பர், அதன்மேல் ஸ்டாப் வாட்ச். தொழிலாளிகள் எங்களை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

கையால் ஃபீட் கொடுக்கும் டிரில்லிங் மெஷின் ஒன்றில் ஒரு பெரியவர் வேலை பார்த்தார். துளை போட்டு, மரை வெட்டி, பிசிறை ஊதி, பிளக் கேஜ் போட்டுப் பார்த்து, டிரேயில் வைக்க வேண்டும். நான் அளந்தபோது ஒரு பீஸுக்கு 52 விநாடி. அதில் பிசிறு ஊதுவதும் கேஜ் போடுவதும் 12 விநாடி. களைப்புக்கும் மற்றதற்கும் சேர்த்து 60 விநாடி என்று நிர்ணயம் செய்தேன். எட்டு மணி நேரத்துக்கு 480 பீஸ். நியாயமான கணக்கு, இன்றைக்கும் அதில் தப்புச் சொல்ல முடியாது.

1983-ம் வருஷம், மின்வெட்டுக் காலம். ஒருநாள் காலை பத்து மணிக்குப் போன கரண்ட் ஒரு மணிக்குத்தான் வந்தது. அதுவரை ஆகியிருந்தது 180 பீஸ். மீதி 300. ஷிப்ட் முடிய இருந்தது 150 நிமிஷம். லாரி வாசலில் நிற்கிறது. "எப்படியாவது முடிச்சுக் கொடுத்துடுங்க" என்று மேலிருந்து உத்தரவு. பெரியவர் தலையாட்டினார். முடித்தும் கொடுத்தார். 300-ம் போயிற்று!

நான்கு நாளில் பெரும்பகுதி திரும்பி வந்தது. மரை வெட்டும் டேப் நடுவிலேயே தேய்ந்திருக்கிறது. கேஜ் போட்டிருந்தால் பத்தாவது பீஸிலேயே தெரிந்திருக்கும். கவனக்குறைவு என்று அவருக்கு மெமோ, மூன்று நாள் சஸ்பென்ஷன், ஊக்கத்தொகையும் போயிற்று. விசாரணைக்காக என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: நிர்ணயித்த நேரம் போதுமானதா? நான் எழுதிக்கொடுத்தது ஒரு வரி. "போதுமானது." கையெழுத்து, தேதி.

அதில் பொய் எதுவும் இல்லை. 60 விநாடி போதும்தான். ஆனால் அன்றைக்கு அவருக்கு 60 விநாடி இல்லையே! 150 நிமிஷத்தை 300-ஆல் வகுத்தால் முப்பதே விநாடி. அதை எழுத எனக்குத் தெரியும், மனசும் சொல்லியது. நான் அப்போதுதான் கன்ஃபர்ம் ஆகியிருந்தேன். எழுதவில்லை.

மெமோ வந்த அன்று, கேட்டுக்கு வெளியே டீக்கடையில் அவர் என்னிடம் வந்தார். உள்ளே 'சார்' என்பார், வெளியே 'தம்பி'தான். "கேஜ் போடலைன்னு எழுதிட்டாங்க, வாஸ்தவம். கேஜ் போட நேரம் எங்க இருந்துச்சுன்னு யாராவது எழுதினீங்களா தம்பி?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அவருடைய டீக்கும் சேர்த்துத்தான். அதைவிடக் கேவலமான ஒன்றை நான் செய்ததில்லை.

சீகலும் வுல்ஃபும்

1991-ல் ஒரு நூலகத்தில் ஆர்தர் சீகல், ஜே வுல்ஃப் இருவரும் 1969-ல் வெளியிட்ட மனித-இயந்திர சிமுலேஷன் பற்றிய புத்தகம் கையில் கிடைத்தது. 1950-களின் கடைசியிலிருந்து அமெரிக்கக் கடற்படைக்காக அவர்கள் செய்த வேலை அது. விமானம்தாங்கிக் கப்பலில் விமானத்தை இறக்கும் விமானி, ஏவுகணையைச் செலுத்துபவர் போன்றவர்கள் குறித்த நேரத்துக்குள் வேலையை முடிப்பார்களா என்பதைக் கணிப்பொறியில் நூற்றுக்கணக்கான தடவை ஓட்டிப் பார்த்தார்கள்.

அவர்கள் செய்த முக்கியமான காரியம், ஆளுக்கு மாறாத எண் போடாததுதான். வேலைகளை அத்தியாவசியம், அத்தியாவசியம் அல்லாதது என்று பிரித்தார்கள். மீதியிருக்கும் அத்தியாவசிய வேலைக்குத் தேவையான நேரத்தை, கையில் இருக்கும் நேரத்தால் வகுத்தார்கள். வருகிற விகிதம்தான் ஸ்ட்ரெஸ். அவ்வளவு எளிமை! எல்லாவற்றுக்கும் நேரம் இருந்தால் அவசரமில்லை. அத்தியாவசியத்துக்கு மட்டும் நேரம் இருந்தால் அவசரம், மற்றதை அந்த ஆள் விட்டுவிடுவான். அதற்கும் நேரம் போதாவிட்டால் மிக அவசரம், விகிதம் ஒன்றைத் தாண்டும். அப்போது அவன் வேகமெடுப்பான். ஒரு வாசல்வரை வேகம் கூடிக்கொண்டே போகும். சராசரி ஆளுக்கு அந்த வாசல் ஏறத்தாழ 2.3 என்று வைத்தார்கள். அதையும் தாண்டினால் கை தடுமாறும், நேரம் நீளும், தவறு கூடும். யெர்க்ஸ், டாட்சன் கண்ட அதே ஏறி இறங்கும் கோடு! நம் பாஷையில் சொன்னால் கம்பியின் ஈல்டு பாயின்ட்.

நூலகத்திலேயே ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டேன். கேஜையும் பிசிறு ஊதுவதையும் விட்டால் பீஸுக்கு 40 விநாடி. 300 பீஸுக்கு 200 நிமிஷம். இருந்தது 150. விகிதம் 1.33. மிக அவசரம், ஆனால் வாசலுக்கு உள்ளே. மாதிரி என்ன சொல்கிறது? ஆள் அத்தியாவசியம் அல்லாததை விடுவான், மீதியை வேகமாக முடித்துவிடுவான். 40 விநாடி வேலையை 30-ல் செய்தால் சரியாக 150 நிமிஷம். அந்தப் பெரியவரைப் பார்க்காமலே, அவர் அன்று செய்ததை வரிக்கு வரி எழுதி வைத்திருந்தார்கள். அவர் கவனம் தவறவில்லை. எந்த மனிதனும் செய்வதைத்தான் செய்தார்.

அதன் பிறகு

இந்தச் சரித்திரம் அங்கேயே நிற்கவில்லை. சீகல், வுல்ஃப் வழியைப் பின்பற்றி 1970-களில் அமெரிக்க விமானப்படைக்காக 'செயின்ட்' என்ற சிமுலேஷன் மொழி வந்தது. 1979 மார்ச் 28-ல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் விபத்து. சில நிமிஷங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட அபாய மணிகள் அடித்தன. திறந்தபடி மாட்டிக்கொண்ட ஒரு வால்வு மூடிவிட்டதாக நினைத்து, குளிர்விக்கும் நீரையே குறைத்துவிட்டார்கள். விளக்கு காட்டியது வால்வின் நிலையை அல்ல, அதற்குப் போன கட்டளையை!

கல்பாக்கத்தில் முதல் உலை இயங்கத் தொடங்கிய அதே 1983-ல், ஸ்வெயின், கட்மன் இருவரும் மனிதத் தவறுகளுக்கான கையேட்டை அமெரிக்காவில் வெளியிட்டார்கள். அதில் டென்ஷனுக்கு ஓர் அட்டவணையே உண்டு. படிப்படியாகச் செய்யும் வேலையில், ஓரளவு கூடுதலான டென்ஷன் தவறும் வாய்ப்பை இரண்டு மடங்காக்கும், ஆள் புதியவராக இருந்தால் நான்கு மடங்காக்கும். நிலைமை மாறிக்கொண்டே இருக்கும்போது மிகக் கடுமையான டென்ஷன் வந்தால், தேர்ந்தவரே நான்கில் ஒரு தடவை தவறுவார், புதியவர் இரண்டில் ஒரு தடவை. இன்னொன்றும் உண்டு. வேலையே இல்லாமல் தூங்கிவழியும் நிலையிலும் தவறு இரண்டு மடங்கு!

2000-ல் ஹெல்பிங், ஃபார்காஷ், விச்செக் மூவரும் கூட்டத்தையே கணிப்பொறிக்குள் கொண்டுவந்தார்கள். 200 பேர் இருக்கும் அறை, ஒரு மீட்டர் அகல வாசல். எல்லோரும் நிதானமாக வந்தால் சீராக வெளியேறுகிறார்கள். விநாடிக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் போகத் துடித்தால் வாசலில் அடைத்துக்கொண்டு, வெளியேறுவதே தாமதமாகிறது. 1992 மகாமகத்தில் கும்பகோணத்தில் ஏறத்தாழ ஐம்பது உயிர்கள், 2005-ல் எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரணத்துக்கு நின்றவர்களில் 42 பேர், 2025 செப்டம்பரில் கரூரில் 41 பேர். நமக்கு இது வெறும் வரைபடம் இல்லை.

பிறகு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பேரி சில்வர்மன் குழுவினர், நேர நெருக்கடி, களைப்பு, கண்முன் நடக்கும் கொடுமை மூன்றையும் சேர்த்துப் பாத்திரங்களுக்கு டென்ஷன் கொடுத்தார்கள். 2023-ல் ஸ்டான்ஃபோர்டில் 25 செயற்கை மனிதர்களை ஒரு பொம்மை ஊரில் குடியேற்றி, பேச விட்டுப் பார்த்தார்கள். ஒரே ஒரு கார்டில் ஆரம்பித்த நமக்கு இதெல்லாம் மாயாஜாலம்தான்.

தம்பி தங்கைகளுக்கு

இன்று அம்பத்தூரில் பழைய பட்டறைகள் இருந்த இடங்களில் கண்ணாடிக் கட்டடங்கள். உங்களில் பலர் அங்கேதான் போகப்போகிறீர்கள். எந்தப் பையன் எந்த பைக்கில் எத்தனை நிமிஷத்தில் சாப்பாடு கொண்டுபோக வேண்டும் என்று நிர்ணயிக்கும் புரோகிராமை உங்களில் ஒருவர் எழுதலாம். நான் அன்று பலகையில் எழுதியதை நீங்கள் திரையில் எழுதுவீர்கள், வித்தியாசம் அவ்வளவுதான்.

சீகல், வுல்ஃபின் வகுத்தலில் மேலே 'தேவையான நேரம்', கீழே 'கையில் உள்ள நேரம்'. தொழிலாளிக்கு என்ன ஆகும் என்பதை அது அழகாகச் சொல்லும். அந்தக் கீழே உள்ள எண்ணை நிர்ணயித்தது யார் என்று அது சொல்லாது. மெமோ யாருக்குப் போகும் என்றும் சொல்லாது. அதை அறிக்கை எழுதுகிறவன்தான் சொல்ல வேண்டும். கடையில் வேலை பார்ப்பவர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டம் வந்தது. கால் வலிக்கிறது என்று சொன்னவர்களின் பேச்சைக் கேட்டாலே போதும், அதைத் தெரிந்துகொள்ள எந்த சிமுலேஷனும் தேவையில்லை.

1990-களின் நடுவில், ஒரு வியாழக்கிழமை, பாடி திருவலிதாயம் கோயிலில் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். ரிட்டயர் ஆகியிருந்தார். பிரகாரத்தில் உட்கார்ந்து 1.33 கதையை முழுசாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நேரம் பத்தலைன்னு சொல்ல அமெரிக்காக்காரன் வேணுமா தம்பி?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. எழுந்திருக்கும்போது, "அப்பவே எழுதியிருக்கலாம் நீங்க" என்றார்.

ஆமாம், எழுதியிருக்கலாம். இப்போதுதான் எழுதுகிறேன்.

சங்கத்துக்கு ஒரு சின்ன யோசனை. இறுதியாண்டு ப்ராஜெக்ட் அறிக்கையின் கடைசியில் ஒரே ஒரு பக்கம் சேர்க்கச் சொல்லுங்கள்: "இந்தக் கணக்கில் நாங்கள் மாறாத எண்ணாக வைத்துக்கொண்ட மனிதர்கள் யார்?" ஒரு பக்கம் போதும். வைவாவில் நம் பேராசிரியர் கேட்ட கேள்விக்கு, ஒரு தலைமுறை கழித்தாவது நம் கல்லூரி பதில் சொன்னதாக இருக்கும்.

மேடையில் சந்திப்போம். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் விட்டிருக்கிறார்களாம். நிதானமாகச் சாப்பிடுவோம்.

வாழ்க நம் கல்லூரி!